நாலாவது பெட்டியை அனுப்பாதே

மகன், நாலாவது பெட்டியை அனுப்பாதே. கடையில் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மூன்றாவது பெட்டி சாகவில்லை. இதை எழுதும்போது அது என் முழங்கைக்குப் பக்கத்தில் மேசையில் பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டு இருக்கிறது. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் சத்தமும் வருகிறது. அப்படியென்றால் அப்பா கூப்பிட்டுச் சொல்லாமல் ஏன் காகிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இது வாயால் சொல்ல வராத விஷயம். இரண்டு வருடமாக முயன்று பார்த்துவிட்டேன். நம் கோயில் பங்கைச் சேர்ந்த றோசக்கா விடுமுறை முடிந்து வியாழக்கிழமை பாரிசுக்குத் திரும்புகிறார். அவருடைய கைப்பையில் இது வரும். உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அன்று காலை அம்மா தொலைபேசியை எடுத்து உன்னோடு கதைப்பாரா இல்லையா என்பது இந்தக் காகிதத்தை நீ எப்படிப் படிக்கிறாய் என்பதில் இருக்கிறது. ஜெனிற்றாவும் படிக்கட்டும். எப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியவேண்டும். அதனால் உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் கலியாணத்துக்கு வர முடியாது. விசாக் கந்தோரில் இருந்து வந்த காகிதத்தை நீயும் படித்தாய். நாங்கள் திரும்பி நெடுந்தீவுக்கு வருவோம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். சண்டைக் காலத்தில் இரண்டு தடவை இந்தத் தீவை விட்டு ஓடி, இரண்டு தடவையும் கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பி வந்தவன் நான். அதற்கு மேல் என்ன ஆதாரத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது? எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் எங்கேயாவது தப்பி ஓடத்தான் பிறந்திருக்கிறோம் என்று கதிரையில் இருக்கிற ஒருவன் முடிவு செய்துவிட்டான். உன் அகதி வழக்கு முடியாததால் நீ இங்கே வர முடியாது. எங்களுக்கு ஆதாரம் போதாததால் நாங்கள் அங்கே வர முடியாது. எட்டு வருடமாக நம் மூன்று பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு வயரும் இரண்டு பெட்டிகளும்தான்.

ஒன்று றவுட்டர். சிம் போட்டது. கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து ஜன்னலில் வைத்தால் காற்றில் இருந்து இணையத்தைப் பிடித்துத் தரும். மற்றது நீ அனுப்பிய தொலைபேசிப் பெட்டி. றவுட்டரில் இருந்து ஒரு வயர் அதற்குள் போகும். அதில் இருந்து இன்னொரு வயர் சாதாரணத் தொலைபேசிக்குப் போகும். ஊரில் எல்லோரும் கைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று ஜெனிற்றா கேட்கக்கூடும். அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் போய்விட்டது. கண்ணாடிபோல வழுக்குகிற கைபேசியில் எங்கே தொடுவது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்குத் திகதி கொடுத்தார்கள். அன்று காற்று அடித்தது, படகு ஓடவில்லை. அடுத்த திகதி நாலு மாதம் கழித்து. அன்றைக்குப் படகு ஓடியது, டொக்டர் வரவில்லை. கடலுக்கு நடுவில் இருக்கிறவர்களுக்குக் கண் மங்குவதும் படகு அட்டவணைப்படிதான் நடக்கிறது. எனவே நீதான் யோசித்து, பெரிய பொத்தான் வைத்த தொலைபேசி ஒன்றை வாங்கச் சொல்லி, ஒன்றாம் பொத்தானை அமத்தினால் உன்னிடம் மணி அடிக்கிற மாதிரிச் செய்து அந்த முதல் பெட்டியை அனுப்பினாய்.

அது வேலை செய்த ஆறு மாதத்தைப் போல ஒரு காலம் இந்த வீட்டில் இருக்கவில்லை. அம்மா குசினியில் இருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, அலுமாரியைத் தொட்டு, கதிரையின் முதுகைத் தடவி, மேசைக்கு வருவார். பதினாறு அடி. எண்ணிவைத்திருந்தார். விரலால் தடவி ஒன்றை அமத்துவார். திருக்கை மீன் வறைக்கு உள்ளி போட்டுவிட்டேன் என்று சொல்லக்கூட உன்னைக் கூப்பிடுவார். நீ உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து கட்டிலில் கிடந்துகொண்டு, "அம்மா, வைக்காதேங்கோ, அப்பிடியே மேசையில விடுங்கோ, சத்தம் கேட்டுக்கொண்டு படுக்கிறன்" என்று சொன்னாயாம். றிசீவரை மேசையில் மல்லாத்திவிட்டு அம்மா தன் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பார். பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பார், உனக்குக் கேட்கட்டும் என்று. "இஞ்சாருங்கோ, மெல்லமா நடவுங்கோ, பிள்ளை நித்திரையாகப் போறான்" என்று என்னை அதட்டுவார். ஐயாயிரம் மைல் தூரத்தில் நித்திரை கொள்கிறவனுக்காக நான் என் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி எப்படிச் செத்தது என்று உனக்குச் சொன்னது பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு இடி தொடங்கியது. இங்கே இடி என்றால் எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் கழற்றுவார்கள், உனக்கு நினைவிருக்கும். ரீவி, பிறிஜ், அன்ரனா எல்லாம். நான் இரண்டு பெட்டிகளுக்கும் கரண்ட் கொடுக்கிற அடப்ரரைச் சுவரில் இருந்தும் பெட்டியில் இருந்தும் இழுத்து மேசையில் போட்டேன். இரண்டும் கறுப்பு. இரண்டின் நுனியும் ஒரே அளவு. மழை விட்டதும் நீ கூப்பிடுகிற நேரம் வந்துவிட்டதே என்ற அவசரத்தில் திருப்பிக் குத்தினேன். எழுத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் போட் இஞ்சின் திருத்துகிறவன் இரண்டு வயரைக் குத்துவதற்கு எழுத்தைப் பார்ப்பானா? றவுட்டரின் அடப்ரர் பன்னிரண்டு வோல்ட். உன் பெட்டிக்கு ஐந்துதான் வேண்டும். ஒரு நிமிடத்தில் எரிந்த மணம் வந்தது. குசினிக்குள் இருந்து அம்மா கேட்டார்: "என்னப்பா மணம் அது?" நான் சொன்னேன்: "ஒண்டுமில்லை. வெளியில ஆரோ குப்பை கொளுத்தினம்." மழையில் நனைந்த குப்பையை யார் கொளுத்துவார் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் பக்கத்து வீட்டுக் கைபேசியை வாங்கி, அந்த வீட்டு மதிலடியில் நின்றுதான் உனக்குச் சொன்னேன். நீ கோபித்தாய். இரட்டை வேலை செய்து அனுப்பிய பெட்டி. "ஆரப்பா மாத்திக் குத்தினது?" என்று கேட்டாய். உன் வாயில் அந்தக் கோபம் எனக்குப் புதிது. நான் யாருடைய இஞ்சினையும் எழுப்பிவிடுவேன் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நீ. "அம்மாதான், கண் தெரியாமல்..." என்று என் வாய் சொல்லிவிட்டது. கைபேசியில் உன் குரல் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றார். "அம்மா, கண் தெரியாட்டி ஏன் சும்மா கை வைக்கிறியள்? ஆருக்காக நான் இஞ்ச மாடா உழைக்கிறன்?" என்று கேட்டாய். அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் தெரியாத முகம், ஆனால் என்னைத்தான் பார்த்தது. பிறகு கைபேசி இருக்கிற பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஓம் மகன். இனித் தொடமாட்டன்."

தொடவில்லை. இரண்டாவது பெட்டி வந்தது, மூன்றாவது வந்தது, தொடவில்லை. மணி அடித்தால் நான்தான் எடுக்கவேண்டும். றிசீவரை அவர் காதில் நான்தான் பிடிக்கவேண்டும். "சாப்பிட்டியா? உடம்பைப் பார். இந்தா, அப்பாட்டைக் குடுக்கிறன்." இவ்வளவுதான். போன வருடம் நீ கேட்டாய்: "அப்பா, அம்மா ஏன் முந்தி மாதிரிக் கதைக்கிறேல்லை? என்னில கோவமோ?" வயதாகிறது, களைப்பு என்று சொன்னேன். அது இரண்டாவது பொய். முதல் பொய்யை உயிரோடு வைத்திருக்கிறதுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது பெட்டி மூன்று மாதத்தில் போனது. கம்பனிக்காரர் குப்பைச் சாமான் செய்து விற்கிறார்கள் என்று உனக்கு ஏசிக்கொண்டு சொன்னேனே. கம்பனியும் யோக்கியம் இல்லைத்தான். உத்தரவாதம் ஒரு வருடம் என்று பெட்டியில் அடித்திருக்கும், வாங்கிய நாட்டுக்குள் மட்டும் என்று அதன் கீழே எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். வெளிநாட்டில் வாங்கி ஊருக்கு அனுப்புகிற பிள்ளைகளை நம்பித்தானே இந்தச் சாமானில் பாதி விற்கிறது? அது அவர்களுக்குத் தெரியாதா? றவுட்டர்க் கம்பனிக்குப் பக்கத்து வீட்டுக் கைபேசியில் அடித்தால் அதைவிட மோசம். அன்று மதிலுக்கு மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைத்தது. ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பெடியன் வந்து, "ஐயா, ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ" என்பான். "தம்பி, நான் உம்மோட கதைக்கிறதே மதிலுக்கு மேல ஏறி நிண்டு. இறங்கிப் போய் ஓஃப் பண்ணினால் நீர் இருக்கமாட்டீர்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அப்ப ஏறி இறங்கிப் பாருங்கோ ஐயா" என்றான். நல்ல பெடியன். அவனுக்கும் யாரோ அதைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உண்மையில் அந்தப் பெட்டியைக் கொன்றவன் நான். அதை எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை காட்டித் தந்தாள்.

போன மாதம் மூன்றாவது பெட்டியும் வெளிச்சம் இல்லாமல் நின்றபோது உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. சொன்னேன். "கலியாணத்துக்கு முன்னம் நாலாவதை அனுப்புறன். இதுதான் கடைசி அப்பா" என்று நீ சொன்னாய். அந்தக் 'கடைசி' நெஞ்சுக்குள் முள் மாதிரி நின்றது. இஞ்சின் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போனபோது, மூன்று பெட்டிகளையும் அடப்ரர்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் கைபேசி, றவுட்டர் திருத்துகிற சின்னக் கடை. தர்சினி என்ற பிள்ளை நடத்துகிறாள். உன் வயதுதான் இருக்கும். போன கடைகளில் எல்லாம் 'எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ' என்றுதான் சொன்னார்கள். இவள் மட்டும் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். மூன்றாவது பெட்டியை எடுத்து, தன்னிடம் இருந்த அடப்ரரைக் குத்தினாள். பச்சை வெளிச்சம் வந்தது.

"ஐயா, இது சாகேல்லை."

"சாகேல்லையோ? ஒரு கிழமையா ஒரு வெளிச்சமும் அசுமாத்தமும் இல்லையே பிள்ளை."

"சாப்பாடு குடுக்காட்டி ஆர்தான் எழும்புவினம்? பெட்டி நல்லாக் கிடக்கு. அடப்ரர்தான் போயிட்டுது." அதை உடைத்துக் காட்டினாள். உள்ளே ஒரு சின்னத் தகரக் குப்பி தலை உப்பி நின்றது. "கரண்ட் ஏறி இறங்குற இடத்தில சூட்டோட கிடந்தால் முதல்ல போறது இதுதான். இதுக்காகத்தான் எத்தினை நல்ல பெட்டியை எறியினம் தெரியுமோ?"

பிறகு இரண்டாவதைத் திறந்தாள். உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. "இதை எங்க வைச்சிருந்தனீங்கள்? கடலுக்கையோ?" நான் சொன்னேன், உப்புக் காற்றுப் படாமல் பொலித்தீன் பையில் போட்டு, வாயைச் சைக்கிள் ரியூப் றப்பரால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன் என்று. கடலுக்குப் போகிறவர்கள் கைபேசியை அப்படித்தானே கட்டிக்கொண்டு போவார்கள். அது உப்பில் இருந்து காப்பாற்றும் என்றுதான் செய்தேன். அதற்கு மேல் அம்மா பின்னிய வெள்ளைத் துணியையும் போட்டு மூடியிருந்தேன், பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று. தர்சினி என்னையே பார்த்தாள்.

"ஐயா என்ன தொழில்?"

"போட் இஞ்சின் திருத்துறனான்."

"தண்ணி போகாமல் இஞ்சின் ஓட்ட விடுவியளோ?"

எனக்குக் காது சுட்டது. இஞ்சின் வாங்குகிற ஒவ்வொருவனுக்கும் நான் முதலில் சொல்லுவது அதுதான். ஸ்ராட் பண்ணினதும் பக்கத்தால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார், பீச்சாவிட்டால் உடனே நிற்பாட்டு, இல்லாவிட்டால் சூட்டில் இறுகிச் செத்துவிடும் என்று. நீ அனுப்பிய பெட்டி எதனால் மூச்சு விடுகிறது என்று ஒரு நாளும் நான் பார்க்கவில்லை. அடியில் வரிசையாக ஓட்டை இருந்தது. அதைத்தான் இறுக்கிக் கட்டினேன். உள்ளுக்குள் வேர்த்து, வேர்வை உப்போடு சேர்ந்து, மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது. பறிபோய்விடும் என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தே சாகடித்தேன். நீ நாட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு முதல் இரண்டு வருடமும் உன்னையும் அப்படித்தான் வைத்திருந்தேன். கடலுக்குப் போகாதே, சந்திக்குப் போகாதே, அவனோடு சேராதே, ஆறு மணிக்குள் வா. நீ போனதற்கு இந்த நாட்டில் ஆயிரம் காரணம் இருந்தது. அதில் ஒன்று நான்.

கடைசியாக முதல் பெட்டி. திறந்ததும் கரிப்பொட்டு. "அஞ்சு வோல்ட் பெட்டிக்குப் பன்னிரண்டு குடுத்திருக்கிறியள். ஆர் ஐயா மாத்திக் குத்தினது?" என்று கேட்டாள். நீ கேட்ட அதே கேள்வி. அந்தப் பிள்ளையை அதற்கு முன் நான் கண்டதில்லை, இனிக் காண்பேனோ தெரியாது. அவளிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் வாய் தானாகச் சொன்னது: "மனிசி. அவவுக்குக் கண் தெரியாது."

"பாவம்," என்றாள் தர்சினி. "ஏசிப்போடாதேங்கோ ஐயா."

குறிகாட்டுவான் துறையில் இருந்து வந்த படகில் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஒரு மணித்தியாலமும் பின்பக்கம் இஞ்சினடியில் நின்றுகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னேன்: "அண்டைக்கு மாத்திக் குத்தினது நான்."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "தெரியும். நான் குசினிக்குள்ள. நீங்கள் மேசையடியில. கண்தானே போனது, மூக்கு இருக்குத்தானே."

"அப்ப ஏன் அவனிட்டைச் சொல்லேல்லை?"

"அவனுக்கு இஞ்ச இருக்கிறது நாங்கள் ரெண்டு பேர்தான். என்னோட கோவிச்சால் உங்களோட கதைப்பான். ரெண்டு பேரிலையும் கோவம் வந்தால் அந்தப் பிள்ளை ஆரோட கதைக்கிறது?"

நான் அந்த வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். அவர் சொன்னார்: "கீரைக்கு வெங்காயம் உரிச்சுத் தாங்கோ. உரிக்கேக்கை அழுதால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

மகன், உனக்குக் கலியாணப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று. நாளைக்கு உன் வீட்டிலும் ஏதாவது எரியும், ஏதாவது நிற்கும். உடனே 'ஆர் செய்தது' என்று கேட்காதே. நீ கேட்டதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. முதலில் கரண்ட் வருகிறதா என்று பார். மூச்சு விட இடம் இருக்கிறதா என்று பார். நீதான் செய்தாய் என்றால் அன்றைக்கே ஜெனிற்றாவிடம் சொல்லிவிடு. அவளுக்கு எப்படியும் மணத்திருக்கும்.

இப்போது பெட்டி ஜன்னலுக்கு இந்தப் பக்கம், இரண்டு மரக் கட்டைகளில், அடியில் காற்றுப் போகிற மாதிரி இருக்கிறது. றவுட்டரைத் தள்ளி வைத்திருக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்று இல்லை. துணி இல்லை. பொலித்தீன் இல்லை. கரண்ட் ஏறி இறங்கினால் தாங்குகிற பிளக் கட்டை ஒன்று தர்சினி தந்தாள், இரண்டும் அதற்கூடாகத்தான் போகின்றன. வேறொரு அடப்ரர் அலுமாரிக்குள் சும்மா இருக்கிறது. இடி வந்தால் தொலைபேசி வயரையும் சேர்த்துக் கழற்றவேண்டும் என்று இப்போது தெரியும். திருப்பிக் குத்தும்போது முதலில் றவுட்டர், அதன் வெளிச்சம் நின்று எரிந்த பிறகுதான் பெட்டி. தர்சினி அடப்ரர்களில் சிவப்பும் நீலமும் நாடா ஒட்டித் தந்தாள். அது கண் உள்ளவர்களுக்கு. நான் வீட்டுக்கு வந்து வலைக் கயிற்றை எடுத்து, பெட்டியின் வயரில் ஒரு முடிச்சும் றவுட்டரின் வயரில் இரண்டு முடிச்சும் போட்டேன். பெட்டிகளின் முதுகில் ஓட்டைக்குப் பக்கத்திலும் அதே போல நூல் ஒட்டினேன்.

நேற்று மத்தியானம் எல்லாவற்றையும் நானே கழற்றி மேசையில் குவித்துவிட்டு, முற்றத்துக்குப் போய் நின்றேன். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பதினாறு அடி நடந்தார். விரல்கள் முடிச்சைத் தடவின. ஒன்று, இரண்டு. குத்தினார். "இஞ்சாருங்கோ, பச்சையோ?" என்று கத்தினார். "பச்சைதான்" என்றேன். ஆனால் றிசீவரை எடுக்கவில்லை. எடுத்து ஒன்றாம் பொத்தானை அமத்தும் என்று சொன்னேன். மாட்டாராம். "குத்தினது உங்களுக்காக. தொடமாட்டன் எண்டு அவனுக்குத்தானே சொன்னனான். அவன் சொல்லட்டும்."

அதனால்தான் இந்தக் காகிதம். கலியாணத்தன்று காலை, நீ கோயிலுக்கு வெளிக்கிட முதல், இந்த இலக்கத்துக்கு அடி. ஆறு தரம் அடித்தால் உன் பக்கத்தில் தானாக நின்றுவிடும் என்று சொன்னாய். ஆறு தரத்துக்குள் குசினியில் இருந்து அவர் வந்து சேரமாட்டார். திரும்பவும் அடி. மூன்றாம் தரமும் அடி. நான் எடுக்கமாட்டேன். வேட்டி கட்டி, சேட் போட்டு, முற்றத்துக்கு அங்கால் கல்மதிலடியில் நிற்பேன். முந்தி மாதிரி வைக்கவேண்டாம் என்று அவருக்குச் சொல்லி, நீ கைபேசியோடேயே கோயிலுக்குப் போனால், மேசையில் மல்லாத்திய றிசீவரில் இருந்து உன் கோயில் மணி முற்றம் வரைக்கும் கேட்கும் என்று நினைக்கிறேன்.

நீ விடாமல் கூப்பிடுவதே தொடச் சொல்வதுதான் என்று விளங்கி அவர் எடுப்பார். எடுத்ததும் முதலில், இனித் தொடுங்கோ அம்மா என்று சொல்லிவிடு. எடுத்தால் என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் சொல்லு. அப்பா எங்கே என்று மட்டும் கேட்காதே. கேட்டால் றிசீவரை வைத்துவிட்டு என்னைத் தேட வெளிக்கிட்டுவிடுவார்.